பசி நல்லா இருக்கு, டாக்டர்

மனச்சோர்வுக்கு மிர்டாசாபின் என்ற மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம். மனநல மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தூக்கம் எப்படி இருக்கு? நல்லா இருக்கு டாக்டர். பசி எப்படி இருக்கு? நல்லா இருக்கு டாக்டர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கோப்பில் எதையோ குறித்துக்கொண்டு, அதே மாத்திரையை இன்னும் இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை, பசி நன்றாகத்தான் இருந்தது. முந்தின இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, சமையலறை விளக்கைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வார் என்று இருட்டிலேயே தடவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்து, கிழிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பிரித்து, கடைசித் துண்டு வரை தின்றுவிட்டு, உறையைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் அடியில் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மனச்சோர்வில் பசி செத்துப்போவது ரொம்பச் சாதாரணம். அதனால் "பசி நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் காதில் அது "ஆள் தேறிக்கொண்டிருக்கிறார்" என்றுதான் விழும். எனக்கோ தேறின பசி இல்லை அது, அவிழ்த்துவிட்ட மாடு. இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் நான் பயன்படுத்தினேன், அந்த ஒரு சொல் எனக்கு ஏறக்குறைய ஒரு வருடத்தைத் தின்றது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நோய் வருவதற்கு முன் என் எடை 64 கிலோ, பல வருடமாக ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே அங்கேயேதான் நின்றது. மனச்சோர்வு வந்த நான்கைந்து மாதத்தில் சாப்பாடு என்பது ஒரு வேலையாகிப்போனது. தட்டில் போட்டதைப் பார்த்தால் அட்டையைப் பார்ப்பதுபோல் இருக்கும், நான்கு வாய்க்கு மேல் இறங்காது. முதன்முதலாக மருத்துவரிடம் போன அன்று எடை பார்த்தபோது 57. அந்த எண்தான் கோப்பில் முதல் வரியில் ஏறியது. பிறகு வந்த குழப்பம் பாதிக்கு அந்த 57 காரணம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் கொடுத்தது எஸ்சிடலோப்ராம், 10 மில்லிகிராம். முதல் இரண்டு வாரம் இருந்த கொஞ்சநஞ்சப் பசியும் போய்விட்டது. குமட்டல், வயிற்றுக்குள் ஏதோ உருண்டுகொண்டே இருப்பதுபோல் ஓர் உணர்வு. செரோடோனின் என்ற ரசாயனத்தின் மேல்தான் இந்த மாத்திரை வேலை செய்கிறது. செரோடோனின் என்றதும் எல்லோரும் மூளையைத்தான் நினைக்கிறோம், ஆனால் உடம்பில் இருக்கிற செரோடோனினில் பெரும்பங்கு, சுமார் 90 சதவீதம், குடலில்தான் இருக்கிறதாம். அதைத் தொடுகிற மாத்திரை வயிற்றைச் சும்மா விடுமா. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்றார் மருத்துவர். அப்படியே அடங்கியது. ஆனால் மருந்து 20-க்கு ஏறியும் மனசு ஏறவில்லை, தூக்கம் சுத்தமாக இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தூக்கத்துக்கும் பசிக்கும் சேர்த்து உதவும் என்று மிர்டாசாபினுக்கு மாற்றினார். அன்றைக்கு எடை 58. அந்த நிலையில் அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

முதல் இரவே தூங்கினேன். எட்டு மணி நேரம். காலையில் எழுந்து உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். நான்காவது நாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன், மறுபடி என்ன இருக்கிறது என்று பார்க்க எழுந்து போனேன். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதக்கணக்காக என் தட்டைப் பார்த்துப் பார்த்து உடைந்துபோயிருந்தவர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தார், நானும் தின்றுகொண்டே இருந்தேன்.

இந்த மாத்திரையின் வேலை இரண்டு இடத்தில் பசியைக் கிளப்புகிறது. ஒன்று, ஹிஸ்டமின் எச்1 என்ற ஏற்பியை, அதாவது செல்லில் ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்கிற இடத்தை, அடைக்கிறது. சளி, அரிப்புக்குப் போடுகிற பழைய மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பதும் இதே வழியில்தான். ஹிஸ்டமின் மூளையில் விழிப்பையும் தருகிறது, "போதும்" என்ற உணர்வையும் தருகிறது, அதை அடைத்தால் இரண்டும் குறைகின்றன. இன்னொன்று, செரோடோனினின் 5எச்டி2சி என்ற ஏற்பி. வயிறு நிறைந்த செய்தி போய்ச் சேருகிற கதவுகளில் அதுவும் ஒன்று, அதையும் மிர்டாசாபின் சாத்திவிடுகிறது. அமெரிக்காவில் இந்த மருந்தோடு வருகிற அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது: 6 வாரச் சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்குப் பசி கூடியது, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்குத்தான். உடம்பு எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியவர்கள் 7.5 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவரும் இல்லை. இதையெல்லாம் நான் படித்தது ரொம்பப் பின்னால். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் தலையணைக்கு அடியில் பாக்கெட்டைப் பிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. பிரித்திருப்பேன். ஆனால் ஒளித்திருக்க மாட்டேன்.

அந்தப் பசி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படாதவர்களுக்குப் புரிவதில்லை. வயிறு காய்ந்து வருகிற பசி இல்லை அது. வயிறு முட்ட இருக்கும், மூச்சு வாங்கும், அப்போதும் வாய் கேட்கும். அதுவும் மாவும் சர்க்கரையும்தான் கேட்கும். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் வரும், கண் சொருகத் தொடங்கும் நேரமும் அதுதான், அரைத் தூக்கத்தில் தின்பதால் எவ்வளவு தின்றோம் என்ற கணக்கும் இருக்காது. சில நாள் காலையில் படுக்கையில் துகள்களைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆறு வாரத்தில் அக்கா வந்து பார்த்தவள், "இப்பதான்டா முகத்துல களை வந்திருக்கு, நல்லா பூசினாப்பல இருக்க" என்றாள். நாலாவது மாதம் அதே அக்கா, "கொஞ்சம் வாயக் கட்டேன்டா" என்றாள். வாயைக் கட்டு. நம் மொழியில் இதற்கு இருக்கிற ஒரே மருந்து அதுதான். குணத்தில் ஓட்டை என்பதுபோல் ஒலிக்கிற சொல். நானும் அதை நம்பினேன். ஏற்கெனவே தன்னை எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நோயாளிக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்தால் விடுவானா?

மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். அது நான் செய்த தவறுகளிலேயே பெரியது. பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் இரவில் மாத்திரையின் பசியையும் சேர்த்துக்கொண்டு எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் கலோரி கணக்குப் போடும் செயலியை வைத்துக்கொண்டேன், மூன்று வாரத்தில் அது எனக்கு இன்னொரு வியாதியாகியது, ஒரு வாழைப்பழத்தின் முன் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் ஒருவர் மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது என்று உடம்பு இளைக்கிற குளிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, அதை விழுங்கவில்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: மூலிகை என்று விற்கிற இளைக்கும் மருந்துகள் பலவற்றில் சிபுட்ரமின் என்ற ரசாயனம் பெயர் சொல்லாமல் கலந்திருந்ததை வெவ்வேறு நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. மனச்சோர்வு மாத்திரையோடு அது சேர்ந்தால் உடம்பில் செரோடோனின் எல்லை மீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று மருத்துவமனை வரை கொண்டுபோகலாம். டப்பாவில் இலை படம் போட்டிருப்பதை நம்பி எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏழாவது மாதம் 73 கிலோ. அன்றைக்கு ஒரு நல்ல சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து அலுவலக மேசைக்கு அடியில் உருண்டது, நான் குனிந்து எடுக்கும்போது மூச்சு முட்டியது, அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன். மனசும் தேறிவிட்டதே, இனி எதற்கு? யாரிடமும் சொல்லாமல் 30 மில்லிகிராமை ஒரே இரவில் நிறுத்தினேன்.

இரண்டாவது இரவு தூக்கம் போனது. மூன்றாவது நாள் குமட்டல், வியர்வை, காரணமில்லாத பதற்றம். இது சில நாளில் அடங்கியது, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், பசியும் அடங்கியிருந்ததே. நான்காவது வாரம் குளிக்கப் பிடிக்கவில்லை. ஐந்தாவது வாரம் பழைய அட்டைச் சாப்பாடு திரும்பி வந்தது. ஆறாவது வாரம், காலையில் எழுவதற்கு ஒரு காரணம்கூட அகப்படாமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எடை 70-க்கு இறங்கியிருந்தது. இந்த மூன்று கிலோவுக்கு நான் கொடுத்த விலை என்னவென்று அம்மாவிடம் கேட்டால் சொல்வார்.

அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் திட்டவில்லை. "எதுக்கு நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் பாக்கெட், தலையணை, செய்தித்தாள், பொத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கோப்பைப் புரட்டி, "பசி நல்லா இருக்குன்னு மூணு தடவை சொல்லியிருக்கீங்களே" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அன்று அவர் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதினார். 64, 57, 73. "பதினாறு கிலோ ஏறிட்டேன்னு சொல்றீங்க. 57 உங்க எடை இல்ல, அது நோயோட எடை. அங்கேர்ந்து 64 வரைக்கும் வந்தது நீங்க குணமாகி வந்தது. அதுக்கு மேல இருக்கிற ஒன்பதுக்குத்தான் நாம வழி பாக்கணும்." இந்தக் கணக்கு எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஏழு கிலோ என் சொந்தக் கிலோ, திரும்பி வந்தது. யாராவது மாத்திரையால் இவ்வளவு ஏறினேன் என்று சொன்னால் நான் இப்போது முதலில் கேட்பது, நோய்க்கு முன்னால் எவ்வளவு இருந்தீர்கள் என்றுதான். நேர்மாறாக, மனச்சோர்விலேயே அதிகமாகத் தின்று எடை கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும், மருந்து வேலை செய்தால் பசி குறையவும் செய்யலாம்.

ஆனால் ஒன்பது கிலோ ஒன்பது கிலோதான், அதை "எல்லாம் மனசுல இருக்கு" என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஒரு மாத்திரை போல இன்னொரு மாத்திரை இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அமிட்ரிப்டிலின் மாதிரியான பழைய தலைமுறை மருந்துகள் எடை கூட்டுவதில் பேர் போனவை, தலைவலிக்கென்று சின்ன அளவில் எடுக்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். அடுத்து வந்த வகையில் பராக்சிடின்தான் அதிகம் ஏற்றுவது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறேழு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் பராக்சிடினில் 25.5 சதவீதம், ஃப்ளூவாக்ஸிடினில் 6.8, செர்ட்ராலினில் 4.2. ஃப்ளூவாக்ஸிடின் ஆரம்பத்தில் கொஞ்சம் இளைக்கவும் வைக்கும், பிறகு அந்தச் சலுகை நீடிப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரையோடு துணைக்கென்று சேர்க்கிற ஓலான்சபின், க்வெட்டியாபின் போன்றவை தனிக் கதை, அவை சேர்ந்தால் முதல் வாரத்திலிருந்தே எடையையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1,83,118 பேரின் பதிவுகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வு ஒன்று எட்டு மருந்துகளை ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் செர்ட்ராலினைவிட எஸ்சிடலோப்ராம் சராசரியாக 0.41 கிலோ கூடுதல், பராக்சிடின் 0.37, பியூப்ரோபியான் 0.22 கிலோ குறைவு. அரைக் கிலோகூட இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கொஞ்சம் கோபமும் வந்தது. ஆனால் சராசரி என்பது ஏறாத பத்துப் பேரையும் ஒன்பது கிலோ ஏறிய என்னையும் ஒரே தராசில் உட்காரவைத்து வகுப்பது. தவிர, அந்த எட்டில் மிர்டாசாபின் இல்லை. பிரிட்டனில் சுமார் 3 லட்சம் பேரைப் பத்து வருடம் தொடர்ந்த 2018-ன் ஆய்வில், எடை கூடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது சிகிச்சையின் இரண்டாம் மூன்றாம் வருடங்களில். மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது, ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் "முதல் மூணு மாசம் ஏறலை, இனி ஏறாது" என்று தராசைக் கட்டி வைத்துவிடக் கூடாது என்பதற்கு அது போதும்.

சரி, எனக்கு என்ன செய்தார்கள்? பியூப்ரோபியான் கேட்டேன், படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். "உங்களுக்கு வலிப்பு வந்திருக்கா?" என்றார். கல்லூரி நாளில் தலையில் அடிபட்டபோது ஒரு முறை வந்தது. "அப்ப வேணாம்." வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. சாப்பிட்டதை வாந்தியெடுக்கிற, பட்டினி கிடக்கிற உணவுக் கோளாறு இருந்தவர்களுக்கும் ஆகாது. இணையத்தில் பார்த்து இதுதான் எடை கூடாத மாத்திரை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை இது. தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு மூன்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார், இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். தைராய்டு மந்தமாக இருந்தாலும் மனசு சோரும், எடை ஏறும், அதைப் பார்க்காமல் மாத்திரை மேல் பழி போடக் கூடாது என்றார். என்னுடையதில் தைராய்டு சரியாக இருந்தது, கொழுப்பு கொஞ்சம் மேலே. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினை இதற்கும் சிலருக்கு எழுதுவார்கள், எனக்குத் தேவைப்படவில்லை.

முதலில் அதே மிர்டாசாபினையே திரும்பத் தொடங்கினார், என்னை மேலே கொண்டுவந்த மருந்து அதுதான் என்பதால். நிலை சரியாகி நான்கு மாதம் நின்ற பிறகுதான் செர்ட்ராலினுக்கு, மூன்று வாரத்தில், ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றி மாற்றினார். அந்த நான்கு மாதத்தில்தான் நான் பசியோடு குடித்தனம் பண்ணக் கற்றுக்கொண்டேன். எடை 74 வரை போய் அங்கே நின்றது, நின்றதே பெரிய விஷயம்.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, கழிப்பறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே ஒரு தடவை எடை. தினமும் பார்க்கக் கூடாது, தண்ணீரும் உப்புமே ஒன்றிரண்டு கிலோவை ஆட்டிவிடும், மனசும் சேர்ந்து ஆடும். அதற்குப் பக்கத்தில் தூக்கம் எத்தனை மணி, பசி எந்த நேரத்தில் வந்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, இரவில் எழுந்தேனா. அவ்வளவுதான். இதை எடுத்துப்போனால் "பசி எப்படி?" என்ற கேள்விக்கு "ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்குது, வாரத்துல அஞ்சு நாள் எழுந்து திங்கிறேன், இந்த மாசம் ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்" என்று பதில் சொல்ல முடிகிறது. இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எந்த மருத்துவரும் அதே சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பமாட்டார். முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். ஆரம்ப மாதத்தில் சடசடவென்று ஏறுகிறவர்களுக்கு அது அப்படியே மேலே போக வாய்ப்பு அதிகம். ஏறின ஒன்பதைவிட ஏறாத ஒன்பது சுலபம். ஒன்று மட்டும், உணவுக் கோளாறு எப்போதாவது இருந்தவர்கள் இந்த நோட்டு வேலையைத் தானாகத் தொடங்க வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது மாத்திரை நேரம். நான் ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காருவேன், பசி வருகிற அந்த முக்கால் மணி நேரம் சமையலறைக்குப் பத்தடி தூரத்தில் கழியும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சாப்பாடு, பல் விளக்கல், படுக்கை, விளக்கணைப்பு, அப்புறம் மாத்திரை என்று வரிசையை மாற்றினேன். பசிக்கு முன்னால் தூக்கம் வந்தது. எழுந்து தின்பது வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளுக்கென்று ஒரு அவித்த முட்டையும் ஒரு பழமும் எனக்கென்று தனியாக எடுத்துவைத்தேன், அம்மாவுக்குத் தெரிந்தே. ஒளித்துத் தின்பதற்கு ஒரு வெறி உண்டு, தட்டில் வைத்து உட்கார்ந்து தின்றால் அது பாதி அடங்கிவிடுகிறது. பிஸ்கட் வீட்டில் இருந்தால் தின்பேன், ஆகவே வீட்டில் இல்லை. மனஉறுதி என்று ஒன்றை நம்பி நான் எதையும் செய்யவில்லை, அது என்னிடம் அப்போது கிடையாது.

பட்டினியை விட்டேன். காலையிலும் மதியத்திலும் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கூடுதலாகச் சேர்த்தேன், மாலைப் பசியின் கூர்மை குறைந்தது. வாய் உலர்ந்துபோகிற பக்கவிளைவு ஒன்று இருக்கிறது, அதைத் தாகம் என்று நினைத்து நாளுக்கு மூன்று குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தேன். அதைத் தண்ணீராகவும் சர்க்கரை இல்லாத சூயிங்கமாகவும் மாற்றியதில் மட்டும் எவ்வளவோ போயிருக்கும். நடை, முதலில் இருபது நிமிஷம். அதனால் இளைத்தேன் என்று சொல்லமாட்டேன், நடந்த அன்று மனசு கொஞ்சம் இலகுவாக இருந்தது, அந்த அன்று குறைவாகத் தின்றேன், எது எதைச் செய்தது என்று பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசினாப்பல இருக்க என்பதும் வேண்டாம், வாயைக் கட்டு என்பதும் வேண்டாம். அக்காவிடம் ஹிஸ்டமின் கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அப்ப உன் தப்பு இல்லையா அது?" என்றாள். அப்புறம் அவளே வாரத்தில் இரண்டு நாள் கூட நடக்க வந்தாள், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

செர்ட்ராலினுக்கு மாறிய முதல் பத்து நாள் வயிற்றுப்போக்கு, குமட்டல், ஒன்றரைக் கிலோ அப்படியே போனது. அதைக் கணக்கில் சேர்க்காதீங்க என்றார் மருத்துவர், பாதி திரும்பி வந்தது. இரவுப் பசி மட்டும் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வரவே இல்லை. காலையில் எழுந்து, எடுத்துவைத்த முட்டை அப்படியே இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த எட்டு மாதத்தில், மெதுவாக, சில மாதம் அரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை, 74 இறங்கி 69-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. 64 வருமா தெரியாது, இப்போது அதற்காக மெனக்கெடவும் இல்லை. சட்டைகளை மாற்றிக்கொண்டேன். மருந்து இன்னும் ஒரு வருடமாவது தொடர வேண்டும், இதுவும் நாளாக ஆகக் கொஞ்சம் ஏற்றலாம், நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். தூக்கம் எப்படி? நல்லா இருக்கு. பசி எப்படி? நோட்டைப் பிரித்து ஞாயிறு ஞாயிறாகப் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது ஞாயிறு வரும்போது அவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். "போதும் போதும், வெளிய இன்னும் எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க."